தொட்டித் தண்ணீருக்கு எந்த மருந்து

1

வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும்:

அம்மா, காலித் தொட்டிக்குள், ஆழம் குறைந்த பக்கத்தில் இறங்கும் இரண்டாவது படியில், நான்காக மடித்த துண்டின் மேல். முழங்கால் அறுவைக்குப் பிறகு தரையில் உட்காரக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. படி தரை ஆகாது என்பது அம்மாவின் வாதம்.

தம்பி, தொட்டியின் விளிம்பில், தண்ணீருக்குள் விட்டிருப்பவனைப்போலக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. தொட்டியில் பதினோரு வருடமாகத் தண்ணீர் இல்லை.

தம்பி மனைவி, ஜன்னலோரம், நின்றபடி. எல்லோரும் உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. ஜன்னல் சட்டத்தின் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

தொட்டிக்காரம்மா, கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல். வீட்டு நீச்சல்குளங்களுக்குச் சுத்திகரிப்புக் கருவி பொருத்துகிறவர். பெயர் அச்சடித்த அட்டை கொடுத்தார். ஆனால் வந்த பத்தாவது நிமிடமே அம்மா “தொட்டிக்காரம்மா” என்று கூப்பிட, அவரும் “சொல்லுங்கம்மா” என்று திரும்பிவிட்டார். இனி மாற்ற முடியாது.

அக்கா, கதவையொட்டி, முதுகு நிலையில் படும்படி நாற்காலி போட்டுக்கொண்டு. கதவு திறந்திருந்தது. அக்கா இருக்கும் அறையில் கதவோ ஜன்னலோ ஒன்று திறந்திருக்கும், வெளியே மழை அடித்தாலும்.

நான், மூலையில் பழைய மேசையில், தாளும் பேனாவுமாக.

ஒரு கதையை இப்படி ஆரம்பிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இது கதையாகப் பிறக்கவில்லை. கடிதமாகப் பிறந்தது. வீட்டுக்குள்ளிருக்கும் எங்கள் நீச்சல்தொட்டிக்கு எந்தச் சுத்திகரிப்பு முறை வேண்டும் என்று முடிவுசெய்து தொட்டிக்காரம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது. எங்கள் வீட்டில் எழுத்து வேலை எல்லாம் என்னிடம்தான் வரும். சிறு ஊர்ப் பள்ளியில் கற்றுக்கொடுத்த ஒழுங்கை இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன்: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, பிறகு விஷயம். கூட்டத்தைப் பற்றிய கடிதமென்றால் யார் யார் இருந்தார்கள் என்பது முதலில். இந்த ஒழுங்கை வைத்தே முப்பது வருடமாக ஓர் அலுவலகத்தின் கடிதப் பிரிவில் காலம் தள்ளுகிறேன். பக்கத்து அறையில் இருப்பவனுக்குத் தபால் போடுகிறவள் என்று தம்பி என்னைச் சொல்வான். ஒரே ஒரு முறைதான் போட்டேன். நாற்பது வருடமாகச் சொல்கிறான்.

நாலு வரியில் முடிந்திருக்க வேண்டிய கடிதம். இது ஏழாவது வரைவு.

2

‘பொருள்’ என்ற இடத்தில் நான் எழுதி அடித்தவை:

பொருள்: உட்புற நீச்சல்தொட்டிக்குச் சுத்திகரிப்பு முறை தேர்வு செய்தல் — தொடர்பாக.

பொருள்: அம்மாவின் முழங்கால் — தொடர்பாக.

பொருள்: அப்பா தினமும் காலையில் மருந்து —

மூன்றாவதை ஏன் பாதியில் விட்டேன் என்பதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஒழுங்காக எழுதுகிறவள், சொன்ன இடத்தில் சொல்லிவிடுவேன்.

முதலில் தொட்டி. வெளியார் அதை நீச்சல்குளம் என்பார்கள். அப்பா தரைக்கு ஓடு பதிக்கிறவர். வீட்டின் பின்னால் சரக்கு வைக்க இருந்த நீண்ட கூடத்தைத் தோண்டி, ஒன்பது மீட்டர் நீளத்துக்கு அதைக் கட்டினார். வேலை செய்த இடங்களில் மிஞ்சிய ஓடுகள்தான் பதித்தார். அதனால் ஒரு சுவர் வெளிர்நீலம், ஒரு சுவர் பச்சை, ஆழமான பக்கம் மட்டும் யாரோ ஒருவர் குளியலறைக்கு வேண்டாமென்று ஒதுக்கிய இளஞ்சிவப்பு. அம்மா அதில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நீச்சல் கற்றுக்கொடுத்தாள். எங்கள் தெருவில் முப்பத்தைந்து வயதுக்கு மேல் நீந்தத் தெரிந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அம்மாவின் விசிலை வாயால் ஊதிக் காட்டுவாள்.

கூடத்தின் ஜன்னல்களில் எப்போதும் ஆவி படிந்திருக்கும். நாங்கள் அதில் விரலால் கணக்குப் போடுவோம். தண்ணீர் சுற்றும் மோட்டாரின் உறுமல் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும், அது ஓடினால் கலையாது. தையல்காரம்மா ஒருவர் கொண்டை நனையாமல் நீந்த வேண்டுமென்று தலையை வாத்து மாதிரி நிமிர்த்திக்கொண்டே மூன்று வருடம் கற்றார். கடைசி நாளில் அக்கா அவர் காலைப் பிடித்து இழுத்து முழுக வைத்தாள். மேலே வந்தவர் அவளைத் திட்டவில்லை. “முன்னாடியே இழுத்திருக்கலாமேடி, மூணு வருஷம் வீணாப் போச்சே” என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாசனை. துண்டில், தலைமுடியில், பள்ளிச் சீருடையில், நோட்டின் நடுப்பக்கத்தில். வகுப்பில் என்னை ஆஸ்பத்திரி என்று கூப்பிட்டார்கள். எனக்கு அது பெருமை. இன்றைக்கும் எங்காவது ஒரு விடுதியின் நடைபாதையில் அந்த வாசனை வந்தால் கால் தானாக நிற்கிறது. நின்று, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்துக்கொண்டுதான் நகர்வேன்.

(இந்தப் பத்தியைத் தொட்டிக்காரம்மா வருவதற்கு முன் எழுதினேன். அழிக்க மனமில்லை. ஆனால் நீங்கள் மேலே படிக்கப் படிக்க இது உங்களுக்கு வேறு மாதிரித் தெரியும். எனக்கு இப்போதே தெரிகிறது.)

3

இப்போது விஷயம்.

அம்மாவுக்கு எழுபத்தாறு. முழங்கால் அறுவை முடிந்து மூன்றரை மாதம். தண்ணீருக்குள் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தம்பி உடனே, “நம்ம வீட்லயே தொட்டி இருக்கே டாக்டர்” என்று மார் தட்டினான். அப்பா போனபின் வடித்த தொட்டி அது. அதற்குள் பதினோரு வருடமாக அட்டைப்பெட்டிகள்தான் நீந்திக்கொண்டிருந்தன. எடுத்தோம், கழுவினோம், விரிசல் பூசினோம். மிச்சம் இருந்தது தண்ணீரை எதை வைத்துச் சுத்தமாக வைத்திருப்பது என்பது.

“உப்பு சிஸ்டம் போட்டுடலாம்” என்றான் தம்பி. “அதுல குளோரினே கிடையாது. அக்காவுக்கும் தொந்தரவில்ல.”

“உப்பு போட்டா, அந்த மெஷின் உப்புலேர்ந்து குளோரின்தான் சார் பண்ணும்” என்றார் தொட்டிக்காரம்மா. “கடையில வாங்காம வீட்டுலயே பண்ணிக்கறீங்க, அவ்வளவுதான்.”

“நெட்ல அப்படிப் போடலயே?”

“நீங்க என்னைக்குத் தலைப்பைத் தாண்டிப் படிச்சிருக்கீங்க?” என்றாள் தம்பி மனைவி. பிறகு தொட்டிக்காரம்மாவிடம், “உப்புன்னா இந்த ஜன்னல் சட்டமெல்லாம் என்னாகும்?”

“அரிக்கும்மா. மூடின கூடம், காத்து ஓடலேன்னா இன்னும் சீக்கிரம்.”

“இப்பவே ஆளு பாதிதான் இருக்கு” என்று சட்டத்தைக் காட்டினாள்.

அடுத்து ஓசோன். “கிருமியை அடிக்கறதுல அவன் பெரிய ஆளு. ஆனா மூடின ரூம்ல கொஞ்சம் கசிஞ்சாலும் மூச்சுக்கு ஆகாது. தனியா வெளியேத்தற வழி பண்ணணும்.”

“வேணாம், விடுங்க. பேரே ஆபீசர் மாதிரி இருக்கு” என்றாள் அம்மா.

அடுத்து புரோமின். “வெதுவெதுப்பான தண்ணியில நல்லா நிக்கும். வெயில் படாத இடத்துக்குச் சரியா வரும். ஆனா குளோரினுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அது ஒத்துக்காதவங்களுக்கு இதுவும் ஒத்துக்காம போகலாம்.”

“தம்பிங்களே அப்படித்தான்” என்றாள் அக்கா. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். தம்பி கையைக் கூப்பினான்.

கடைசியில் புற ஊதா விளக்கு. தண்ணீர் சுற்றும் குழாய்க்குள் அந்த விளக்கைப் பொருத்துவார்கள். தாண்டிப் போகும் தண்ணீரில் கிருமியும் சாகும், வாசனையும் உடையும். “ஆனா விளக்கு குழாய்க்குள்ளதான் இருக்கு. தொட்டிக்குள்ள காவலுக்கு ஒரு ஆள் வேணும். அதுக்குக் கொஞ்சம் குளோரின், அளந்து தானா விழற மாதிரி. நான்னா இதைத்தான் போடுவேன்.”

“வாசனையே இருக்காதா?” என்றாள் அம்மா.

“இருக்காதும்மா.”

“அப்புறம் அது தொட்டின்னு எப்படித் தெரியும்?”

எல்லோரும் சிரித்தோம், அக்கா தவிர.

“எதை வேணாப் போடுங்க” என்றாள் அக்கா. “நான் இறங்கப்போறதில்ல. என் நெஞ்சுக்குத் தொட்டி ஒத்துக்காது. முப்பத்தேழு வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே.”

“நீ இறங்கலேன்னா நானும் இறங்கல” என்றாள் அம்மா.

“பயிற்சி குடுக்க ஆள் வருவாரும்மா.”

“அவர் என்னைத் தூக்கி நிறுத்துவார். நீ பிடிச்சாதான் நான் நிப்பேன்.”

தெருவையே நீந்தவைத்தவளுக்குத் தண்ணீரில் பயம் என்ற ஒன்று இருப்பதே எழுபத்தாறாம் வயதில்தான் தெரிந்தது. அறுவைக்குப் பிறகு ஒருநாள் குளியலறையில் வழுக்கினாள். அன்றிலிருந்து வாளித் தண்ணீரைப் பார்த்தாலே சுவரைப் பிடிக்கிறாள். நான் பிடித்தாலும் தம்பி பிடித்தாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அக்கா கைதான் வேண்டும். ஒரு காலத்தில் தன் கையை விட்டு முதலில் மிதந்தவள் அக்கா என்பதாலோ என்னவோ. (‘என்பதாலோ என்னவோ’ என்பதை அடிக்க வேண்டும். கடிதத்தில் இப்படி எழுதினால் மேலதிகாரி சிவப்பில் சுழிப்பார். ஆனால் எனக்குக் காரணம் நிஜமாகவே தெரியாது.)

ஆக, அறையில் இருந்த கேள்வி எந்த மருந்து என்பதல்ல. அக்கா இறங்குவாளா என்பதுதான். அவள் இறங்காவிட்டால் என்ன மருந்து போட்டும் அம்மாவின் முட்டிக்குப் பிரயோஜனமில்லை.

4

இந்த இடத்தில் தொட்டிக்காரம்மாவைப் பற்றி எனக்கொரு சந்தேகம். நான் எழுதியிருக்கிற தொட்டிக்காரம்மா மிகவும் நன்றாகப் பேசுகிறார். நிஜத்தில் அவர் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு பாதி வார்த்தையை விழுங்கினார். நடுவில் இரண்டு முறை தொலைபேசி வந்தது. ஒரு முறை, “குழாயை மூடு, நான் வர்ற வரைக்கும் மூடி வை, தொடாதே” என்று கத்தினார். இப்படிப்பட்ட ஒருவர் வந்து எங்கள் வீட்டின் முப்பத்தேழு வருடத்தை ஒரு வாக்கியத்தில் புரட்டிப் போட்டார் என்றால் கதையில் நம்பும்படியாக இருக்காது. அதனால்தான் கொஞ்சம் திருத்தினேன். ஆனால் இப்போது வரும் பேச்சை நான் திருத்தவில்லை. அன்று தாளில் எழுதிய குறிப்பிலிருந்து அப்படியே தருகிறேன்.

“ஒத்துக்காதுன்னா? அப்போ வாசனை ரொம்ப அடிக்குமா?” என்று கேட்டார்.

“தெருமுனையிலயே அடிக்கும்” என்றாள் அம்மா பெருமையாக. “வழி கேட்டு வர்றவங்களுக்கு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாங்கன்னுதான் சொல்லுவோம்.”

“அப்போ குளோரின் கம்மியா இருந்திருக்கு.”

தம்பி சிரித்தான். “கம்மியாவா? நாத்தம் தாங்காதுங்க.”

“அதான் சொல்றேன். சரியா இருந்தா ரொம்ப வாசனை வராது சார். வேர்வை, தலை எண்ணெய், சின்னப் பசங்க தண்ணிக்குள்ள பண்ற காரியம், இதெல்லாத்தோடயும் கட்டிப் புரண்டு சண்டை போட்டுப் பாதி செத்துக் கிடக்கும் பாருங்க, அதுதான் நாறும். அது காத்தைவிடக் கனம். தண்ணிக்கு மேல ஒரு சாண் உயரத்துலயே படுத்துக்கும். நீந்தறவங்க மூக்கு அங்கதானே இருக்கு.”

“அப்பா காத்தாடி போட்டிருந்தாரே.”

அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். “அங்கயா? கெட்ட காத்து கீழ படுத்திருக்கு, காத்தாடி கூரையில சுத்தி என்ன பண்ண?” பிறகு எங்களைப் பொதுவாகப் பார்த்து, “எதுல அளந்தீங்க?”

“மஞ்சள் சொட்டு” என்றேன் நான். குழாயில் எடுத்த தண்ணீரில் விட்டால் குளோரினுக்குத் தக்கபடி மஞ்சளாகும் சொட்டு மருந்து அது.

அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தது அந்த ஒரு முறைதான்.

“ஆங். அந்தச் சொட்டு உயிரோட இருக்கறதையும் செத்ததையும் சேர்த்து எண்ணும். கண்ணாடிக் குழாய்ல மஞ்சள் நல்லா ஏறும். சரி, குளோரின் நிறைய இருக்குன்னு ஜனங்க குறைப்பாங்க. அப்பதான் கூட்டணும். இப்ப ரெண்டையும் தனித்தனியா காட்டற சொட்டு வந்துடுச்சு.” அதோடு அவர் தொலைபேசி மூன்றாம் முறை அடித்தது.

5

அவர் தொலைபேசியோடு வெளியே போனதும் நடந்தது:

“அப்பாதான்” என்றான் தம்பி. “சோப்பு கரைஞ்சு கண்ணாடித் தாள் மாதிரி ஆகற வரைக்கும் விடமாட்டாரே. மருந்தை மட்டும் அள்ளியா போட்டிருப்பாரு?”

அம்மா துண்டின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அப்பாவை ஒண்ணும் சொல்லாதே” என்றாள் அக்கா. “அதே தண்ணியிலதான் எல்லாரும் நீந்தினீங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. என் உடம்பு அப்படி, அவ்வளவுதான். அவரை இழுக்காதீங்க.”

நான் தாளில் எழுதினேன்: ‘அக்காலத்தில் மருந்து குறைவாக இடப்பட்டிருந்திருக்கலாம்.’

முப்பது வருட அனுபவம் எழுதிய வாக்கியம் அது. யார் இட்டார் என்று அதில் இல்லை. அலுவலகத்தில் தவறு செய்தவரைக் காப்பாற்ற நாங்கள் இப்படித்தான் எழுதுவோம்.

6

சொன்னபடி, சொன்ன இடத்தில்.

அப்பா தினமும் காலையில் மருந்து போடவில்லை. நான் போட்டேன்.

பதின்மூன்று வயதிலிருந்து பதினைந்து வயது வரை. அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கொடுத்த வேலை. மருந்தைப் போடுவது அப்பா வேலை. அதைக் குழந்தைகள் தொடவே கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். ஆனால் தூரத்தில் ஓடு பதிக்கும் வேலை வந்த காலத்தில் அப்பா விடியுமுன் கிளம்பிவிடுவார். ஒருநாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “நீதான் ஒழுங்கா அளக்கறியே, நீயே போட்டுடு. கையுறை மாட்டிக்க. அம்மாகிட்ட சொல்லாதே” என்றார். எனக்குப் பெரிய பதவி உயர்வு கிடைத்தது போல இருந்தது. சொல்லவில்லை. அவரும் கடைசிவரை சொல்லவில்லை.

அக்கா அப்போது போட்டிகளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு. அவள் போய்த் திரும்பும் சத்தத்தை வைத்தே எத்தனையாவது சுற்று என்று எனக்குத் தெரியும். விளிம்பில் உட்கார்ந்து நான் எண்ணுவேன், திரும்பும்போது ஒவ்வொரு முறையும் என் கால் கட்டைவிரலைத் தட்டிவிட்டுப் போவாள். அது எங்களுக்குள் பேச்சு மாதிரி. நான் என் வாழ்க்கையில் யாரையும் அப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை, பிறகு பிறந்த என் குழந்தைகளைக்கூட.

ஒரு காலையில் அவள் இருமினாள்.

வாசனை மூக்கைக் குத்தியது. மருந்து அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். குழாயில் சொட்டு விட்டுப் பார்த்தேன், மஞ்சள் நன்றாக ஏறியது. அதிகம்தான். மறுநாள் ஒரு கரண்டி குறைத்தேன். அந்த வாரக் கடைசியில் வாசனை இன்னும் கூடியது, அக்கா இன்னும் இருமினாள். மஞ்சள் அப்படியே இருந்தது. இன்னொரு கரண்டி குறைத்தேன். எல்லாவற்றையும் தேதியோடு எழுதினேன். ‘இருமல்: இரண்டு முறை.’ ‘இருமல்: ஐந்து முறை. மருந்து குறைக்கப்பட்டது.’ அவள் இருமும்போதெல்லாம் நான் குறைத்தேன். அது எனக்குத் தெரிந்த அன்பு. ஒருநாள்கூடத் தவறவில்லை.

* அடிக்குறிப்பு: அந்த நோட்டு இப்போது இல்லை. எந்த வருடத்திலோ பழைய தாள்களோடு போய்விட்டது. இருந்திருந்தால் இந்தக் கதையே தேவைப்பட்டிருக்காது, அதை அப்படியே உறையில் போட்டு அனுப்பியிருப்பேன்.

பத்தொன்பது வயதில் அக்கா தண்ணீரை விட்டாள். சுற்று நடுவில் மேலே வந்து, விளிம்பைப் பிடித்து, மூச்சு இழுக்க முடியாமல் நின்றாள். ஆஸ்துமா என்றார்கள். அவளுக்குத் தொட்டி ஒத்துக்காது என்று வீட்டில் ஒரு வாக்கியம் உண்டாயிற்று. அந்த வாரமே நான் அளக்கும் வேலையை விட்டேன். தொட்டிப் பக்கமே போகப் பிடிக்கவில்லை. அப்பா திரும்ப எடுத்துக்கொண்டார். நோட்டைப் பார்க்காமல், டப்பாவில் அச்சடித்திருந்த அளவைப் போட்டார்.

வாசனை குறைந்தது.

“பாரு, அவ போனதும் தொட்டிகூட அடங்கிப்போச்சு” என்றாள் அம்மா. எல்லோருக்கும் அது துக்கம் போலத் தோன்றியது. எனக்கும்தான்.

அன்று கூடத்தில் மஞ்சள் சொட்டு என்று நான் சொன்னதற்குத் தொட்டிக்காரம்மா பதில் சொன்னபோது எனக்கு முழுதும் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் செத்துப்போன அப்பா மேல் அது விழுவதைப் பார்த்துக்கொண்டு பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். இரண்டாம் பகுதியில் அந்த வாசனையைப் பற்றி எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். நான் விடுதி நடைபாதைகளில் நின்று கண்ணை மூடி இழுத்துக்கொண்டது, என் அக்காவை நிறுத்திய காற்றை.

(‘நிறுத்திய’ என்பது எனக்கே உறுதியில்லை. தொட்டிக்காரம்மா மருத்துவர் இல்லை, நானும் இல்லை. அக்காவுக்கு எப்படியும் வந்திருக்கலாம். ஆனால் இருக்கலாம் என்ற சொல்லின் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ள எனக்கு மிகவும் ஆசையாக இருப்பதால் அதை இங்கே அனுமதிக்க மாட்டேன்.)

7

கதைக்கு முடிவு வேண்டுமே. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. தொட்டியில் தண்ணீர். இடுப்பளவில் அக்கா, அவளுடைய இரண்டு கையையும் பிடித்தபடி அம்மா. வாசனை இல்லை. அம்மா ஓரடி வைக்கிறாள். அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் சிரிக்கிறாள். அக்கா அவ்வளவு சீக்கிரம் சிரிக்கிறவள் இல்லை. அது என் சிரிப்பு, அவள் முகத்தில் ஒட்டியிருக்கிறேன்.

இரண்டாம் முடிவு. அக்கா கடிதத்தைப் படித்துவிட்டு என்னோடு பேச்சை நிறுத்திவிடுகிறாள். தம்பி வழியாகச் சேதி அனுப்புகிறாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன். தண்டனையை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வது சௌகரியமான வேலை.

மூன்றாம் முடிவு. நான் எதையும் சொல்லவில்லை. நல்ல விளக்காகப் பொருத்துகிறோம், தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது. அக்கா கதவோரம், அம்மா படியில், காலை நனைக்காமல். இது மட்டும்தான் யாரும் எழுதாமலே நடக்கக் கூடியது.

தம்பி மனைவி இந்த வரைவுகளைப் படித்தாள். மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனது என் தப்பு. திரும்பி வந்தபோது கடைசித் தாள் அவள் கையில் இருந்தது.

“நான் ஜன்னலைச் சுரண்டறது மட்டும்தான் கதையில வருது” என்றாள்.

“இன்னும் முடியல. வரும்.”

“இவ்வளவு பக்கம் யாருக்கு எழுதறீங்க? படிக்கறவங்களுக்கா சொல்லணும்?” எங்கோ இருக்கும் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதுகிறேன் என்பதைத்தான் அவள் சொன்னாள். உங்களைச் சொல்கிறாள். “உங்க அக்கா நாலு தெரு தள்ளி இருக்காங்க. போய்ச் சொல்ல வேண்டியதுதானே.”

“வாயால சொன்னா நான் சுத்தி வளைச்சுடுவேன்.”

“எழுதினா மட்டும் நேரா வருதாக்கும்? ஏழு வரைவு.” தேநீரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியில் நின்று, “அண்ணி, முடிவை எழுதிடாதீங்க. அவங்களுக்குப் பிடிக்காது” என்றாள்.

8

எழுதிய கடிதங்கள் இரண்டு. நகல் வைத்துக்கொண்டேன், பழக்கம்.

முதலாவது.

‘பெறுநர்: தொட்டிக்காரம்மா அவர்கள். பொருள்: சுத்திகரிப்பு முறை. பார்வை: தாங்கள் எங்கள் இல்லத்துக்கு வந்து பார்வையிட்டது. அம்மையீர், புற ஊதா விளக்கும், அளந்து தானாக விழும் சிறிதளவு குளோரினும் என முடிவு செய்துள்ளோம். உப்பு, ஓசோன், புரோமின் வேண்டாம். காற்றை வெளியேற்றும் வழி கூரையில் வேண்டாம், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே சுவரில் வைக்கவும். இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் சொட்டு மருந்து ஒரு பெட்டி சேர்த்துக் கொண்டுவரவும். இப்படிக்கு.’

இது பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

இரண்டாவது.

‘அக்கா,

அன்னிக்குத் தம்பி அப்பாவைச் சொன்னான், நீ தடுத்தே. நான் தலையைக் குனிஞ்சு எழுதிட்டிருந்தேன். அப்பா இல்லை. நான். பதின்மூணு வயசிலேர்ந்து மருந்து போட்டது நான்தான். அப்பா என்னை நம்பிக் கொடுத்தார், அம்மாவுக்குத் தெரியாமல். நீ இருமினபோதெல்லாம் அதிகமாயிடுச்சுன்னு நினைச்சுக் குறைச்சேன். குறைக்கக் குறைக்கக் காத்து கெட்டுது. நீ நாலு மணி நேரம் அதுலதான் மூச்சு விட்டே. நாங்கள்லாம் அரைமணி நேரத்துல எழுந்து போயிட்டோம். அதனாலதான் எங்களுக்கு ஒண்ணும் ஆகல. உன் உடம்பு தப்புன்னு இத்தனை வருஷம் நீ சொல்லிட்டு வந்தியே, அந்த வாக்கியம் தப்பு. இதைத்தான் சொல்லணும்னு எழுதறேன்.

இதனாலதான் உனக்கு வந்துதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. உன் நெஞ்சு மருத்துவரைக் கேளு. என்ன போடப்போறோம்னு தனித் தாளில் எழுதி உள்ளே வெச்சிருக்கேன், அவர்கிட்ட காட்டு. அவர் வேணாம்னா வேணாம். அவர் சரின்னு சொல்லி நீ வேணாம்னாலும் வேணாம்தான். அம்மாவுக்காக நீ இறங்கணும்னு நான் கேட்கல. எனக்கு ஆசை இருக்கு, மறைக்கல. ஆனா கேட்கல.

அம்மாகிட்டயும் தம்பிகிட்டயும் ஞாயித்துக்கிழமை நானே சொல்றேன். அப்பா பேர் அதுக்குமேல ஒரு நாள்கூட அதுல இருக்கக் கூடாது.

தங்கை.’

9

முடிவு எங்கே என்று கேட்பீர்கள். தம்பி மனைவி சொன்னதற்காக மட்டும் நான் அதை விடவில்லை.

ஒரு காலத்தில் அக்கா இருமியபோது அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. மூச்சு எப்படி இருக்கிறது, எங்கே அடைக்கிறது, எத்தனை நாளாக என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. விளிம்பில் உட்கார்ந்து பார்த்து, நானே கணக்குப் போட்டு, அவளுக்காக நானே தீர்மானித்து, மறுநாள் தண்ணீரை மாற்றிவிட்டேன். இப்போது மேசையில் உட்கார்ந்து அவள் இறங்கினாள் என்றோ இறங்கவில்லை என்றோ எழுதினால் அதையேதான் இன்னொரு முறை செய்வேன். முதல் முடிவு எவ்வளவு அழகாக வந்தாலும் அது நான் குறைத்த இன்னொரு கரண்டிதான்.

உங்களிடம் இந்தக் கதை வந்து சேரும்போது அக்கா கடிதத்தைப் படித்து வெகுநாள் ஆகியிருக்கும். எது நடக்க வேண்டுமோ அது நடந்திருக்கும். நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். கேட்க வேண்டியவள் அவள்.

தாள்களை மூன்றாக மடித்தேன், மடிப்பு ஓரங்கள் சரியாகச் சேர்கின்றனவா என்று பார்த்தேன். உறையில் பெறுநர் முகவரியை எழுதினேன். நாலு தெரு தள்ளி, வாரம் இருமுறை போய்வரும் வீடு. முகவரியை இதுவரை எழுதிப் பார்த்ததில்லை, கதவெண்ணை யோசித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அனுப்புநர் இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன். ஒட்டினேன், ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தினேன்.

தபால்பெட்டியில் எடுக்கும் நேரம் மூன்றரை என்று போட்டிருக்கிறது. மூன்று இருபதுக்குப் போனேன். உறை பாதி உள்ளே, பாதி என் விரலில். வெயிலில் பெட்டியின் இரும்பு சுட்டது. ஒரு வண்டி மணியடித்துக்கொண்டு கடந்தது.

விட்டேன். உள்ளே வேறு கடிதங்கள் இருந்திருக்க வேண்டும். சத்தம் கேட்கவில்லை.